பால் கார்டும் பாகாயம் பஸ்ஸும்

நேத்து நைட்டு ஆரணில இருந்து தங்கச்சி போன் பண்ணா, சித்தி பொண்ணு, அவ புள்ளைக்கு இப்பதான் ஆறு மாசம் முடிஞ்சு சோறு ஊட்டினாங்க. பேச்சு எங்கெங்கயோ போயிட்டு கடைசில "அக்கா, பாப்பாவுக்கு ஒரு கார்டு செட்டு வாங்கினியே, குழந்தைங்களுக்கு படிக்க சொல்லித் தர்றது, அது இன்னும் இருக்கா, இருந்தா குடேன், இங்க பக்கத்து வீட்டு புள்ள பத்து மாசத்துலயே இருபது வார்த்தை படிக்குதாம், நான் இன்னும் ஒண்ணுமே ஆரம்பிக்கல"ன்னு கேட்டா. அந்த குரல்ல இருந்த பதட்டம் எனக்கு நல்லா தெரியும், நாலு வருஷம் முன்னாடி எனக்கும் அதே பதட்டம்தான். பதில் சொல்லிட்டு இருக்கும்போதே அவ குழந்தை அழ ஆரம்பிச்சிடுச்சு, பாதியில வெச்சிட்டா. அதான் மீதிய இங்க எழுதறேன். அவளும் படிப்பா, அவள மாதிரி ராத்திரில புள்ளைய மடியில போட்டுக்கிட்டு போனத் தேய்ச்சிட்டு இருக்கிற மத்த அம்மாங்களும் படிக்கட்டும்.

எங்க பாப்பா பொறந்தது 2020 நவம்பர். கொரோனா நேரம், காட்பாடில எங்க வீட்டுக்கு யாரும் வர்றதில்ல, நாங்களும் எங்கயும் போறதில்ல, வெளி உலகம்னா அது போன்ல வர்றதுதான். அம்மாங்க குரூப்ல தினமும் ஒரு வீடியோ வரும், ஒன்பது மாச குழந்தை கார்ட பாத்து வார்த்தை சொல்லும், கீழ எல்லாரும் ஹார்ட்டு போட்டிருப்பாங்க. மூளை மூணு வயசுக்குள்ள வளந்து முடிஞ்சிடும், அதுக்குள்ள சொல்லித் தரலன்னா போச்சுன்னு ஒருத்தர் பேசி இருப்பாரு. கேக்க கேக்க வயித்துல புளிய கரைச்சிச்சு. ரெண்டாயிரத்து சொச்சம் குடுத்து ஒரு செட்டு வாங்கினேன். நல்ல தடியான வெள்ளை அட்டை, அதுல பெரிய செவப்பு எழுத்துல ஒரு அட்டைக்கு ஒரு வார்த்தை. பால், பந்து, பூனை, காக்கா, வாழை. குளிப்பாட்டி முடிச்சு ஒரு வாட்டி, மத்தியானம் ஒரு வாட்டி, சாயந்தரம் ஒரு வாட்டி, அஞ்சு அஞ்சு கார்டா ஒரு செகண்டு ஒண்ணுன்னு டக்கு டக்குன்னு காட்டிக்கிட்டே சத்தமா சொல்லணும், அதான் முறை. எட்டாவது மாசத்துல இருந்து ஒரு நாள் விடாம செஞ்சேன், எனக்கு காய்ச்சல் அடிச்சப்பகூட செஞ்சேன்.

ஒரு வயசு தாண்டினதும் பால் கார்ட காட்டினா "பா"ன்னு சொல்ல ஆரம்பிச்சா. அப்புறம் பந்து. பதினாலு மாசத்துல பத்து பன்னெண்டு கார்ட தரையில பரப்பி வெச்சி "பூனை எங்க"ன்னு கேட்டா சரியா போயி அது மேல கைய வெப்பா. நாங்க ரெண்டு பேரும் அழுதோம், நிஜமாவே அழுதோம், வீடியோ எடுத்து சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்பினோம், எங்க வூட்டுக்காரரு ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் காட்டினாரு.

2022 ஆரம்பத்துல கணியம்பாடி பக்கத்துல எங்க அம்மா ஊருக்கு ஒரு வாரம் போனோம். கார்டு பெட்டிய எடுத்துட்டு போக மறந்துட்டேன். ஒரு வாரம் விட்டா மறந்துடுவாளேன்னு பயந்து, புது சட்டைக்குள்ள வருமே அட்டை, அத வெட்டி செவப்பு ஸ்கெட்ச்சுல அதே மாதிரி பெருசா பால்னு எழுதி காட்டினேன். அவ என் மூஞ்ச பாத்தா. பந்து எழுதி காட்டினேன், மறுபடியும் என் மூஞ்ச பாத்தா. இடம் மாறினதால இருக்கும்னு நெனச்சேன்.

காட்பாடிக்கு திரும்பி வந்து பெட்டிய திறந்து பால் கார்ட எடுத்தேன், எடுத்த உடனே "பா". அப்பதான் மனசுல என்னமோ உறுத்துச்சு, அந்த கார்ட திருப்பி திருப்பி பாத்தேன். வலது பக்கம் கீழ் மூலைல கேவுரு கஞ்சி பட்டு காஞ்சி போன பழுப்பு கறை, ஒரு கட்டை விரல் அகலம். பந்து கார்டுக்கு ஒரு மூலை கிடையாது, அவளே கடிச்சி மென்னு வெச்சது. காக்கா கார்டு நடுவுல மடிஞ்ச கோடு. கறைய என் விரலால மறைச்சிட்டு காட்டினேன், ஒண்ணும் சொல்லல. விரல எடுத்தேன், "பா". தலகீழா புடிச்சேன், அப்பவும் "பா". கடைசியா வாழை கார்ட எடுத்து அதே மூலைல கொஞ்சம் கஞ்சிய தடவி ஃபேனுக்கு கீழ வெச்சி காய விட்டேன். காட்டினேன். என்ன பாத்து சிரிச்சிக்கிட்டே "பா"ன்னா.

அந்த நாள்ல இருந்து எனக்கு குழந்தை மேல இருந்த மரியாதைதான் அதிகமாச்சு, அத மொதல்ல சொல்லிடறேன். அவ என்ன ஏமாத்தல, தப்பும் பண்ணல. நூறு அட்டை எல்லாமே வெள்ளை, எல்லாத்துலயும் செவப்பு கோடுங்க, அதுல எது எதுன்னு அம்மா கேக்கறா, குழந்தை தன் கண்ணுக்கு எது வித்தியாசமா பட்டுச்சோ அத வெச்சி கண்டுபுடிச்சிருக்கு. எவ்ளோ பெரிய வேலை அது. ஆனா படிக்கிறதுன்னா அது இல்ல. இந்த கோட்டுக்கு இந்த சத்தம், இந்த சத்தங்கள சேத்தா ஒரு வார்த்தைன்னு புரியறதுதான் படிக்கிறது, அப்படி புரிஞ்சவங்க இதுவரைக்கும் பாக்காத வார்த்தையையும் படிச்சிடுவாங்க, சட்டை அட்டைல எழுதினாலும் படிப்பாங்க, செவுத்துல கரிக்கட்டையால கிறுக்கினாலும் படிப்பாங்க.

அப்புறம்தான் உக்காந்து தேடி தேடி படிச்சேன். இந்த செவப்பு எழுத்து கார்டு யோசனை ரொம்ப பழசு. அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியால மூளை பாதிச்ச குழந்தைங்களோட வேலை செஞ்ச க்ளென் டோமன்னு ஒருத்தர் 1964ல குழந்தைக்கு படிக்க சொல்லித் தர்றது எப்படின்னு புத்தகம் எழுதினாரு, அதுல இருந்து கிளம்புனதுதான் இது. பின்னாடி அதே நாட்டுல 'யுவர் பேபி கேன் ரீட்'னு வீடியோ, கார்டு எல்லாம் சேத்து ஒரு செட்டு, சுமார் 200 டாலர், டிவில விளம்பரம் போட்டு ஓகோன்னு வித்தாங்க. ஒன்பது மாச குழந்தைகூட படிக்கும்னு சொன்னதுக்கு ஆதாரம் இல்லன்னு அங்க இருக்கிற வணிக ஆணையம் 2012ல நடவடிக்கை எடுத்துச்சு, கம்பெனிய மூடிட்டாங்க. 2014ல நியூயார்க் பல்கலைக்கழகத்துல சூசன் நியூமன்ங்கிறவங்க குழு ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. ஒன்பது மாசத்துல இருந்து பதினெட்டு மாசம் வரைக்கும் இருக்கிற 117 குழந்தைங்க, பாதி பேருக்கு இந்த மாதிரி செட்ட குடுத்து ஏழு மாசம் பழக்கினாங்க, மீதி பேருக்கு ஒண்ணும் குடுக்கல. கடைசில 14 விதமா சோதிச்சி பாத்தா 13ல ரெண்டு கூட்டத்துக்கும் எந்த வித்தியாசமும் இல்ல. வித்தியாசம் இருந்த ஒண்ணே ஒண்ணு, அம்மா அப்பாவோட நம்பிக்கை. எங்க புள்ள கத்துக்கிச்சுன்னு செட்டு வாங்கினவங்க உறுதியா சொன்னாங்களாம். அத படிச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். நாங்க அனுப்பின வீடியோ ஞாபகம் வந்துச்சு. அத பாத்து வேற யார் யாரு பயந்து போயி கார்டு வாங்கினாங்களோ.

இப்ப கணியம்பாடில நடந்த இன்னொரு விஷயம்.

எங்க அம்மாவோட அம்மா, நாங்க ஆயான்னு கூப்புடுவோம், படிப்பு கிடையாது, அறிவொளி இயக்கத்துல கையெழுத்து போட கத்துக்கிச்சு, அவ்ளோதான். அந்த ஒரு வாரம் நான் சட்டை அட்டைய வெச்சிக்கிட்டு குழந்தை பின்னாடி சுத்திட்டு இருக்கும்போது ஆயா பாத்துட்டே இருந்திச்சு. "இன்னாடி, கொயந்தைக்கு தூக்கம் கண்ண சொருவுது, அட்டைய காட்டிக்கினு கீற, குடு இங்க"ன்னு வாங்கி இடுப்புல வெச்சிக்கிட்டு வாசலுக்கு போச்சு. ஒரு கிண்ணத்துல பருப்பு சோறு. "தோ பார்ரா, காக்கா வந்து குந்திகினு கீது, எங்க குந்திகினு கீது? மொறத்து மேல. அதுக்கும் பசி. அதுக்கு ஒரு வாய், என் கண்ணுக்கு ஒரு வாய். பறந்து பூட்ச்சு பாரு. எங்க பூட்ச்சு?" குழந்தை "ஆ... ஆ"ன்னு கைய தூக்கி புளிய மரத்த காட்டறா. "ஆமாங்கிறேன், மரத்து மேல பூட்ச்சு, அதோட வூட்டுக்கு பூட்ச்சு." அரை மணி நேரம். ஒரு கிண்ணம் சோறு எறங்குறதுக்குள்ள அந்த குழந்தைகிட்ட எத்தன வார்த்தை போயிருக்கும், ஒவ்வொண்ணும் கண்ணு எதிர்ல நடக்கிற விஷயத்தோட வார்த்தை. அதவிட முக்கியம், ஆயா கேட்டுட்டு நிறுத்தும், குழந்தை என்னமோ சத்தம் போடற வரைக்கும் காத்திருக்கும், அப்புறம் அதையே வார்த்தையா திருப்பி குடுக்கும். நான் கார்டு காட்டும்போது ஒரு செகண்டுக்கு மேல நிறுத்தினதே இல்ல, முறை அப்படி.

எங்க மாமா பையனோட பழைய படப் புத்தகம் ஒண்ணு பரண்ல கெடந்துச்சு, ஆயா அதையும் எடுத்து "படிச்சிச்சு". எழுத்து தெரியாதே, படத்த பாத்து அதுவா கதை சொல்லும், ஒரே படத்துக்கு தினம் ஒரு கதை. ஆனா பக்கத்த வலமிருந்து இடமா திருப்பணும், புத்தகத்த நேரா புடிக்கணும், பேப்பர்ல இருக்கிற மாடு நம்ம கொட்டாயில இருக்கிற மாடுதான்னு எல்லாம் என் பொண்ணு கத்துக்கிட்டது ஆயா மடியிலதான். மூணாவது நாளே புத்தகத்த அவளா தூக்கிட்டு போயி ஆயா மடியில திரும்பி முதுக குடுத்து உக்காந்துக்குவா. ஆயா இப்ப இல்ல. போன வருஷம் போயிடுச்சு. அந்த புத்தகம் என்கிட்ட இருக்கு.

பொறந்த குழந்தைக்கு ஒரு அடி தூரம் வரைக்கும்தான் கண்ணு ஓரளவு தெளிவா தெரியும்பாங்க, பால் குடுக்கும்போது நம்ம மூஞ்சி இருக்கிற தூரம் அது. காது அதுக்கும் முன்னாடியே வேலை செய்யுது, கடைசி மூணு மாசம் வயித்துக்குள்ள இருந்தே நம்ம குரல கேக்குது. அதனால ஆரம்பம் எங்கன்னா குரலும் மூஞ்சும்தான். 2003ல பேட்ரிசியா குல்னு ஒரு விஞ்ஞானி செஞ்ச ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு. ஒன்பது மாச அமெரிக்க குழந்தைங்களுக்கு சீன மொழி பேசறவங்கள நேர்ல உக்கார வெச்சி 12 தடவை விளையாட விட்டாங்க, குழந்தைங்க சீன மொழியோட சத்தங்கள பிரிச்சி கேக்க கத்துக்கிச்சு. அதே ஆளுங்க அதே பேச்ச வீடியோல காட்டினா ஒண்ணும் ஏறல.

இத படிச்சதும் எனக்கு எங்க மாடி வீட்டு பாட்டிதான் ஞாபகம் வந்தாங்க. வேலூர்ல இருக்கிறவங்களுக்கு தெரியும், வைத்தியத்துக்குன்னு வங்காளத்துல இருந்து ரயில் ரயிலா ஜனங்க வருவாங்க, காந்தி ரோட்டு பக்கம் போனா ஓட்டல், மருந்து கடை, லாட்ஜுன்னு போர்டு எல்லாம் வங்காள எழுத்துலகூட இருக்கும். அப்படி ஒரு குடும்பம் 2021 கடைசில எங்க மாடில ரெண்டு மாசம் தங்கினாங்க, தாத்தாவுக்கு ஆபரேஷன். பாட்டிக்கு தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, எனக்கு வங்காளம் தெரியாது, ஆனா தினமும் சாயந்தரம் படிக்கட்டுல உக்காந்து ரெண்டு கையையும் நீட்டி "எஷோ, எஷோ"ன்னு பாப்பாவ கூப்புடுவாங்க. வான்னு அர்த்தம். ஒரு வயசு கொழந்தை, பத்தே நாள்ல அந்த சத்தம் கேட்டா தவழ்ந்து படிக்கட்டுக்கு போயிடுவா, அப்புறம் எங்க வீட்டு பூனையவே "எஷோ"ன்னு கூப்புட ஆரம்பிச்சிட்டா. கார்டும் கெடையாது, வீடியோவும் கெடையாது. மருந்து கவலையோட வந்த ஒரு மனுஷி சும்மா கைய நீட்டினாங்க, அவ்ளோதான்.

இன்னொண்ணும் எனக்கு ரொம்ப லேட்டாதான் புரிஞ்சுது. முழு வார்த்தைய படம் மாதிரி மனசுல பதிய வைக்கிற இந்த முறை இங்கிலீஷுக்குன்னு யோசிச்சது. அங்க டஃப் (tough), த்ரூ (through), தோ (though)ன்னு மூணு வார்த்தை, மூணுக்கும் கடைசி நாலு எழுத்து ஒண்ணேதான், சத்தம் மட்டும் மூணு விதம். அப்படி இருக்கிற இடத்துல வார்த்தைய மொத்தமா பாத்து வெச்சிக்கோன்னு ஒருத்தர் சொன்னா அதுல கொஞ்சமாவது ஞாயம் இருக்கலாம். நம்ம தமிழுக்கு அது எதுக்கு? 247 எழுத்துன்னு சொன்னா மலைப்பா இருக்கும், ஆனா உயிர் 12, மெய் 18, அதுக்கு மேல காலு, கொம்பு, சுழின்னு கொஞ்சம் குறிங்க, இவ்ளோ தெரிஞ்சா மீதி எல்லாம் கூட்டு கணக்குதான். கஷ்டமான இடமும் இருக்கு. ஒரே ப தான், பம்பரத்துல மொத எழுத்தா வரும்போது ஒரு சத்தம், நடுவுல ம் பக்கத்துல வரும்போது வேற சத்தம். கே எழுதும்போது கொம்பு முன்னாடி வருது, ஆனா வாயில ககரம்தான் மொதல்ல வருது. இதெல்லாம் நாலஞ்சு வயசு குழந்தை "ஏம்மா அப்படி"ன்னு கேட்டு கேட்டு தெரிஞ்சிக்க வேண்டியது, பத்து மாச குழந்தைகிட்ட எப்படி சொல்லுவ?

மூணு வயசுல ஒரு ஸ்கூலுக்கு அட்மிஷனுக்கு போனோம், பேர் வேணாம். பிரீகேஜிக்கு. ஒரு மேடம் ஏ பி சி டி கார்ட வரிசையா காட்டி சொல்லுன்னாங்க, இவ என் புடவைக்குள்ள மூஞ்ச பொதச்சிக்கிட்டா. "வீட்டுல இன்னும் ஒண்ணுமே சொல்லித் தரலையா"ன்னு என்ன பாத்து கேட்டாங்க. அன்னிக்கு நைட்டு எனக்கு தூக்கம் வரல, பழைய பெட்டிய மறுபடியும் எடுக்கலாமான்னுகூட தோணிச்சு. எடுக்கல. ஃபின்லாந்துல ஏழு வயசுலதான் பள்ளிக்கூடமே ஆரம்பிக்குது, நியூசிலாந்துல அஞ்சு வயசுல படிக்க ஆரம்பிச்சவங்களையும் ஏழு வயசுல ஆரம்பிச்சவங்களையும் ஒப்பிட்டு பாத்தாங்க, பதினோரு வயசு வாக்குல படிக்கிறதுல வித்தியாசம் இல்ல. நம்ம அரசாங்கமே 2022ல 'எண்ணும் எழுத்தும்' கொண்டு வந்தப்ப, எட்டு வயசுக்குள்ள எல்லா குழந்தையும் எழுத படிக்க தெரிஞ்சிருக்கணும்னுதான் இலக்கு வெச்சாங்க. எட்டு வயசு! நாங்க எட்டு மாசத்துல ஆரம்பிச்சோம்.

போன வருஷம், நாலரை வயசு இருக்கும். காட்பாடில இருந்து அம்மா ஊருக்கு போகணும்னா ஒண்ணாம் நம்பர் இல்ல ரெண்டாம் நம்பர் டவுன் பஸ் புடிச்சி பாகாயம் போயி அங்கிருந்து மாறணும், இவ கைக்கொழந்தையா இருந்ததுல இருந்து அந்த பஸ்ஸுதான். மொதல்ல 2ங்கிற நம்பர மட்டும் தெரிஞ்சி வெச்சிருந்தா, "வாத்து வந்திருச்சு"ம்பா, எங்களுக்கு 2 எப்பவும் வாத்துதான். அன்னிக்கு நல்ல வெயில், வேலூர் வெயில் சொல்லவா வேணும், பஸ்ஸு எடுக்க நேரம் ஆச்சு, முன்னாடி நின்னு போர்டையே பாத்துட்டு இருந்தா. காட்பாடி, பக்கத்துல பாகாயம். திடீர்னு "அம்மா, இதுல இருக்கிறது அதுலயும் இருக்கு"ன்னா. எதுடான்னேன். எம்பி எம்பி கைய நீட்டி காட்டறா, காட்பாடில இருக்கிற பா. அப்புறம் பாகாயத்துல இருக்கிற பா. "பாப்பா பா!" கொஞ்ச நேரம் வாய்க்குள்ளயே முணுமுணுத்துட்டு, "அப்போ இது... காக்கா கா. அதுலயும் இருக்கு, இதுலயும் இருக்கு"ன்னு குதிச்சா. எத்தன வருஷமா அந்த பஸ்ல போறேன், ரெண்டு ஊர் பேர்லயும் அதே பா, அதே கா இருக்குன்னு எனக்கு அன்னிக்கு வரைக்கும் தோணினதே இல்ல. விருதம்பட்டு தாண்டி பாலாத்து பாலம் மேல பஸ் போகும்போதும் ஜன்னல்ல ஆத்த பாக்கல, கடை போர்டுல எல்லாம் பா தேடிட்டே வந்தா. டிரைவர் சீட்டுக்கு பின்னாடி எழுதியிருந்த 'பாதுகாப்பு'ல ஒரே வார்த்தையில ரெண்டும் கெடச்சப்ப அவ போட்ட சத்தத்துல முன் சீட்டு அம்மா திரும்பி பாத்தாங்க.

அதுக்கப்புறம் ஆறே மாசம்தான், தட்டு தடுமாறி படிக்க ஆரம்பிச்சிட்டா. யாரும் அவசரப்படுத்தல.

சரி, தங்கச்சி, உனக்கு இப்ப என்ன செய்யறதுன்னுதானே வேணும். பேசு. குளிப்பாட்டும்போது, துணி மடிக்கும்போது, கீரை ஆயும்போது, என்ன செய்யறியோ அத சொல்லிக்கிட்டே செய். கேட்டுட்டு நிறுத்து, அவ "ங்கா"ன்னா நீயும் பதில் சொல்லு. பாட்டு தெரிஞ்சா பாடு, தெரியலன்னா ஆடு மாடு வீடுன்னு ஒரே மாதிரி முடியற வார்த்தைய தாளம் போட்டு சொல்லு, சத்தத்த பிரிச்சி கேக்கிற காது அதுலதான் வளரும், பின்னாடி படிக்கும்போது அந்த காதுதான் கை குடுக்கும். ரெண்டு வயசு வரைக்கும் போன், டிவி வேணாம்னு நம்ம ஊர் குழந்தை டாக்டருங்க சங்கமே 2021ல சொல்லிட்டாங்க, துபாய்ல இருக்கிற அவ அப்பாகூட வீடியோ கால் பேசறது மட்டும் பரவால்ல. துணி புத்தகமோ தடி அட்டை புத்தகமோ ஒண்ணு ரெண்டு வாங்கு, கடிக்கட்டும், கிழிக்கட்டும். தூளிகா, நேஷனல் புக் டிரஸ்ட்ல எல்லாம் தமிழ்ல நல்ல படப் புத்தகம் கம்மி விலைல கிடைக்கும், ப்ரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் வெப்சைட்டுல காசே இல்லாம கதை இருக்கு, அத நீ படிச்சி வெச்சிக்கிட்டு போன மூடிட்டு வாயால சொல்லு. அத்தைக்கு படிக்க தெரியாதுன்னு சொன்னியே, அவங்க மடியிலயும் புத்தகத்த குடு.

இத மட்டும் கவனமா பாரு. சத்தம் கேட்டா திரும்பறாளா, ஒரு வயசுக்குள்ள மழலை வருதா, பதினாறு மாசத்துக்குள்ள ஒரு வார்த்தையாவது சொல்றாளா. இல்லன்னா யார் என்ன சொன்னாலும் "எங்க வீட்டுல எல்லாரும் லேட்டாதான் பேசினோம்"னு உக்காந்திருக்காம டாக்டர்கிட்ட காட்டு, காத சோதிக்க சொல்லு. பத்து மாசத்துல வார்த்தை படிக்கலன்னு பதறத விட இதுக்கு பதறு. சில குழந்தைங்க யாரும் சொல்லித் தராமலே மூணு வயசுல படிக்கும், அப்படி வந்தா சந்தோஷமா கூட உக்காரு, தடுக்கவும் வேணாம், துரத்தவும் வேணாம்.

சித்ரா பௌர்ணமிக்கு புஷ்ப பல்லக்கு பாக்க புள்ளைய தூக்கிட்டு வந்துடு, நைட்டு இங்கயே தங்கலாம். ஆயாவோட படப் புத்தகத்த உனக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன், ரெண்டு பக்கம் கிழிஞ்சிருக்கு, டேப்பு போட்டு ஒட்டியிருக்கேன். கார்டு செட்ட கேக்காத, அத குடுக்க முடியாது. பின்பக்கம் எல்லாம் வெள்ளையாதானே இருக்கு, உன் அக்கா பொண்ணு அதுல பஸ் போர்டு எழுதிட்டு இருக்கா. பால் கார்டு பின்னாடி இப்ப பாகாயம்னு இருக்கு, ய மட்டும் திரும்பி நிக்குது.